இழுத்துக் கட்டினால் நிற்காது: சியர்லீடிங் பிள்ளைகளுக்குத் தலைவாருவதில் நாம் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி அரங்கின் பெண்கள் கழிப்பறையில், கண்ணாடிக்கு முன்னால் ஒரு அம்மா தன் ஏழு வயது மகளின் தலையை இடுப்போடு இடுக்கிக்கொண்டு குதிரைவாலை மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டன. கண்ணில் நீர். "ஆடாதடி, ஆடினா அவுந்துரும்" என்கிறார் அம்மா. அப்போதும் முடி வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. அது ஏன் வழுக்குகிறது என்று எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு கண்ணாடிக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் பரதநாட்டியம், மதியம் சியர்லீடிங் என்று ஓடுகிறார்கள். தலைவாரத் தெரிந்த ஒருத்தி என்பதால் டீமில் அந்த வேலை என் தலையில் விழுந்தது, இன்று வரை இறங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். சீப்பை மறக்காதீர்கள், ரப்பர் பேண்ட் கூடுதலாக எடுத்துப் போங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை யாரும் இரண்டாம் தடவை மறப்பதில்லை.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்த அம்மாக்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விளையாட்டு என்றுதான் சொல்கிறேன், 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே சர்வதேச சியர் சங்கத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது, "என்ன குதியாட்டம் இது" என்று கேட்கும் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம். பெரும்பாலும் இரண்டரை நிமிட ஆட்டம். அதற்குள் குட்டிக்கரணம், குதிப்பு, ஒருத்தியை மூன்று நான்கு பேர் தூக்கி நிறுத்துவது எல்லாம் வந்துவிடும். தலைமுடி விதிகளில் பாதி அழகுக்காக: எல்லாப் பிள்ளைகளும் மேடையில் ஒன்று போலத் தெரிய வேண்டும். மீதிப் பாதி பாதுகாப்புக்காக: முடி கண்ணில் விழக்கூடாது, தலையில் வைப்பது எதுவும் கழன்று விழக்கூடாது, இன்னொரு பிள்ளையைக் குத்தக்கூடாது. நகைக்கும் பொதுவாகத் தடை. காதில் இருக்கும் குட்டித் தோட்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும். புதிதாகக் காது குத்தி ஆறாத காதுடன் போட்டிக்கு வந்து அழும் பிள்ளையை ஒவ்வொரு வருடமும் ஒன்றாவது பார்க்கிறேன்.

படத்தைப் பார்த்து வாருவது

அமெரிக்கப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டு உச்சியில் முடியைப் புடைக்க வைத்து, சுருள் சுருளாகத் தொங்கவிட்டுக் கூட்டி வருகிறார்கள். உங்கள் கோச் கேட்டது அதுதானா? உயரக் குதிரைவாலா, பாதி கட்டிப் பாதி விட்டதா, இரட்டைப் பின்னலா, வகிடு நடுவிலா பக்கத்திலா, ரிப்பன் முன்னே பார்க்கிறதா பின்னேயா? போட்டிக்குப் போட்டி, டீமுக்கு டீம் மாறும். கோச்சிடம் நான்கு கோணத்தில் படம் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் பின்னால் முடிச்சு எங்கே என்று யாருக்குத் தெரியும்?

எண்ணெய், அப்புறம் இழுப்பு

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, முதலில் என் மேலேயே.

என் மகளின் முதல் போட்டி. முந்தின நாள் ராத்திரி ஆயா, அதாவது என் மாமியார், ஆசையாக உட்கார்ந்து பேத்திக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார். "எண்ணெ வெச்சாத்தாம்மா முடி அடங்கும்." அவர் சொன்னது தப்பே இல்லை. பரதநாட்டியத்துக்கு அப்படித்தான் செய்வோம்: எண்ணெய் வைத்து, நடு வகிடு எடுத்து, சவுரி வைத்துப் பின்னி, பூச்சுற்றினால் இரண்டு மணி நேரம் அசையாது. ஆனால் நாட்டியத்தில் சடை முதுகோடு தொங்குகிறது, கழுத்துக்குக் கீழே கனம் இறங்கிவிடுகிறது. சியரில் முழுக் கனமும் உச்சியில் ஒரு முடிச்சில் நிற்கிறது. அந்த முடிச்சைத் தலைகீழாகக் கவிழ்த்து, உருட்டி, மேலே எறிந்து பிடிக்கிறார்கள். எண்ணெய் தொட்ட முடியில் ரப்பர் பிடிக்காது, ஜெல் காயாது, ஸ்பிரே மேலே மிதக்கும், ஊசி தானாகவே நழுவி வெளியே வரும்.

காலையில் நான் குதிரைவால் போட்டேன், சரிந்தது. இறுக்கினேன். மறுபடி சரிந்தது. நான்கு ரப்பர் பேண்ட், பதினைந்து ஊசி, இன்னும் இழுப்பு. பிள்ளை "வலிக்குதும்மா" என்றாள், நான் "ரெண்டரை நிமிஷந்தானே" என்றேன். ஆட்டம் பாதி தாண்டும்போது ரிப்பன் காதுக்கு இறங்கியது, அப்புறம் நெற்றிக்கு. அவள் கீழே நின்று தூக்கும் பிள்ளை. ஒரு கண் மூடிப்போனதும் அனிச்சையாகக் கையை எடுத்து ரிப்பனைத் தள்ளினாள், மேலே நின்ற பிள்ளை அந்தப் பக்கமாகச் சாய்ந்தாள். பின்னால் நின்றவள் பிடித்துவிட்டாள், அடி இல்லை. மதிப்பெண் போனது. அது போகட்டும்.

போகாதது அதற்குப் பிறகு நான் செய்தது. எண்ணெயைக் குற்றம் சொல்லத் தெரியாமல், "நான் இறுக்கினது போதவில்லை" என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த சீசன் முழுக்க, வாரம் மூன்று பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் முகத்தோல் இழுபடுகிற மாதிரி உச்சியில் கட்டி அனுப்பினேன். ராத்திரி தலைவலி என்பாள், வெயில் என்பேன். நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள் வந்தன, வேர்க்குரு என்றேன், டர்பன் புழுக்கத்தில் யாருக்கு வேர்க்குரு இல்லை? ஒரு நாள் ஈரத்தலையைத் துவட்டும்போது இரண்டு பொட்டிலும் கட்டை விரல் அகலத்துக்கு மண்டைத்தோல் தெரிந்தது.

தோல் டாக்டர் பார்த்த உடனே பெயர் சொல்லிவிட்டார்: இழுவையால் வரும் முடி உதிர்வு, டிராக்‌ஷன் அலோபீசியா. முடியின் வேர் இருக்கும் குழி தொடர்ந்து இழுபட்டால் அங்கே வீக்கம் வருகிறது, முடி மெலிகிறது, உடைகிறது, உதிர்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்துக் கட்டுவதைத் தளர்த்தினால் திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் குழி தழும்பாகி மூடிக்கொள்ளும், பிறகு வளராது. நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் இதை நேரடியாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் மகளுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பொட்டில் குச்சி குச்சியாக நின்றது மற்ற முடியோடு சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருட தீபாவளிப் படம் ஒன்றில்கூட அவள் பக்கவாட்டில் திரும்பவில்லை.

சரி, எப்படிச் செய்வது? போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே எண்ணெய் கிடையாது. ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அன்பு உங்களை முந்திக்கொள்ளும். முந்தின நாள் மாலை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போட்டு, முழுசாகக் காயவிடுங்கள். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துபோகும், அதைக் கட்டவே கூடாது. காலையில் குளிப்பாட்டினாலும் சிக்கல்தான், புதிதாகக் கழுவிய முடி பட்டு மாதிரி நழுவும்.

அப்புறம் குதிரைவாலை ஒரே பிடியாகப் போடாதீர்கள். இரண்டு காதுக்கும் மேலே உள்ள உச்சி முடியை மட்டும் முதலில் எடுத்துச் சின்ன ரப்பரால் கட்டுங்கள். பக்கத்து முடியையும் கழுத்து முடியையும் சீவி மேலே கொண்டுவந்து, அந்த முதல் கட்டோடு சேர்த்து இரண்டாவதைப் போடுங்கள். கனம் இரண்டாகப் பிரிந்துவிடும், அதனால் எதையும் இழுக்கத் தேவை இருக்காது. நெற்றி ஓரத்துப் பூனை முடிக்குப் பட்டாணி அளவு ஜெல், பழைய டூத் பிரஷ். முடிந்ததும் பிள்ளையைப் புருவம் உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள், பத்துக் குதி குதிக்கச் சொல்லுங்கள், பாயில் ஒரு தடவை உருளச் சொல்லுங்கள். வலிக்குது என்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பிள்ளை நடிக்கவில்லை.

பயிற்சி நாட்களில் கழுத்தருகே தளர்வான ஒரு பின்னல் போதும். உச்சிக் குதிரைவால் போட்டி நாளுக்கும் அதற்கு முந்தைய ஒத்திகைக்கும் மட்டும்.

இரும்புக் கிளிப்

வேண்டாம்.

ரிப்பன்

ஆங்கிலத்தில் இதற்கு 'போ' என்று பெயர். முதல் வருடம் ஆயாவிடம் அரக்கப் பரக்க "போ எங்க?" என்று கேட்டேன், "எங்கடி போகச் சொல்றே?" என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டில் ரிப்பன் என்றே நிலைத்துவிட்டது.

ரிப்பனைத் தலையில் குத்துகிறோம் என்று நினைப்பதுதான் தவறு. அதைக் குதிரைவாலில் கட்ட வேண்டும். அடியில் தைத்திருக்கும் ரப்பரை முடிச்சின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் இரண்டு கொண்டை ஊசியைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போட்டால் போதும். ஊசியின் நெளிந்த பக்கம் தலையைப் பார்க்க வேண்டும், முக்கால்வாசிப் பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். முடிச்சு நடுமண்டைக்குப் பின்னால் இறங்கியிருந்தால் பின்னோக்கி உருளும்போது பிள்ளை அதன் மேலேயே உருளும், கொஞ்சம் முன்னால் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். கல் ஒட்டிய பெரிய ரிப்பனையும் தவிர்த்துவிடுங்கள். மேலிருந்து விழும் பிள்ளையைப் பின்னால் நிற்பவள் அக்குளுக்குக் கீழே கைகொடுத்துப் பிடிக்கிறாள். அப்போது இவள் தலை அவள் முகத்துக்குப் பக்கத்தில் வரும். எங்கள் டீமில் ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் இரண்டு அங்குலக் கீறல், வெறும் கண்ணாடிக் கல்லால்.

வீட்டில் வாரிவிட்டு ஜோஹன்னஸ்பர்க் போவது

விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பி, தலைவாரி, ஸ்பிரே அடித்து, காரில் ஏற்றி என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம். மூயி ரிவர் சுங்கச்சாவடி வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும், ஹாரிஸ்மித்தில் எழுப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூடு. தளர்வாகப் பின்னி, பட்டுத்துணி சுற்றி அழைத்துப் போய் அங்கே வாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. டர்பன் கடல்காற்றில் முடி உப்பும், அதை அடக்க நாம் நிறைய ஜெல் போட்டுப் பழகியிருக்கிறோம். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உள்ள வறண்ட ஊர், குளிர்காலத்தில் சீப்பு பட்டாலே முடி படபடவென்று நிற்கும். அங்கே அதே அளவு ஜெல் போட்டால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உதிரும், மேடை விளக்கில் பொடுகு மாதிரியே தெரியும். பாதி போதும், சீப்பை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள்.

சுருட்டும் கம்பியைப் போட்டி நாளில் முதல் தடவை எடுப்பது

காது சுடும். முந்தின ராத்திரி துணிக்கீற்றில் சுருட்டிக் கட்டித் தூங்க வையுங்கள்.

எல்லார் முடியும் ஒரே முடி என்று நினைப்பது

இதைச் செய்வது அம்மாக்கள் மட்டும் இல்லை, டீம் நடத்துபவர்களும்தான். எங்கள் டீமில் பாதி இந்தியப் பிள்ளைகள், மீதி ஜூலு, கலர்ட் என்று இங்கே சொல்லும் கலப்பினப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள். "எல்லாருக்கும் வழவழப்பான குதிரைவால்" என்று ஒரு வருடம் தாள் வந்தது. சுருட்டை முடிப் பிள்ளை ஒருத்தியின் அம்மா ராத்திரி முழுக்க அதை நேராக்கப் பாடுபட்டு, காலையில் பிள்ளையும் அம்மாவும் அழுதுகொண்டே வந்தார்கள். முடியை வைத்துப் பிள்ளைகளை வதைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் போராடியபோது நாடே பார்த்தது. நாம் இன்னும் தாள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மண்டையோடு ஒட்டிப் பின்னி உச்சியில் சேர்த்தால் ரிப்பன் எங்களுடையதைவிட நன்றாக நிற்கும், நான் பார்த்துவிட்டேன். அதையும் இறுக்காமல் பின்ன வேண்டும், அவ்வளவுதான். ஒன்று போலத் தெரிய வேண்டியது முடிச்சு இருக்கும் உயரமும் ரிப்பனும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு ஒன்று. நேர்த்திக்கடன் மொட்டை. தைப்பூசக் காவடிக்கு முடி கொடுத்துவிட்டு, இரண்டு மாதத்தில் போட்டி வரும்போது கோச்சிடம் சொல்லாமல் வந்து நிற்பது. மொட்டை தப்பில்லை. சொல்லாததுதான் தப்பு. முன்பே தெரிந்தால் மெல்லிய எலாஸ்டிக் பட்டையில் ரிப்பனைத் தைத்துக் கொடுத்துவிடலாம், விதிப்படி சரியா என்று அமைப்பாளரிடமும் கேட்டுவிடலாம். அன்று காலை ஒட்டுமுடிக்கு அலைந்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அந்த ஒட்டுமுடி முதல் குட்டிக்கரணத்திலேயே பாயில் விழுந்தது.

ஸ்பிரே

ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், பிள்ளையின் கண்ணைக் கையால் மறையுங்கள், வெளியே அழைத்துப் போய் அடியுங்கள். டீமில் ஆஸ்துமா பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். சுருட்டும் கம்பி சூடாக இருக்கும் மேசைப் பக்கம் அந்த டப்பாவைக் கொண்டுபோகவே வேண்டாம், அது தீப்பற்றும் சரக்கு.

அவிழ்க்கும்போது

ஆட்டம் முடிந்து கோப்பை வாங்கியோ வாங்காமலோ களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறோம், சீப்பை எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. நாள் முழுக்க ஜாக்கிரதையாக இருந்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கையோடு வந்துவிடும். ஊசிகளை எண்ணி எடுங்கள், போட்டது எட்டு என்றால் எட்டும் வர வேண்டும். ரப்பரை இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆயாவின் முறை. சோபாவில் உட்கார்ந்து பேத்தியைக் கீழே உட்கார வைத்துக்கொள்வார். பக்கத்தில் சுடவைத்த தேங்காய் எண்ணெய். ஸ்பிரே ஊறி இளகும் வரை விரலாலேயே கோதிவிடுவார். பத்து நிமிடத்தில் பிள்ளை அவர் முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கும். "ரெண்டு நாளா வெக்க விடல, பாரு எப்படி வறண்டு கெடக்கு" என்று என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. நான் ஒன்றும் சொல்வதில்லை, ஊசிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.