வாங்கிய கைப்பேசியின் விலை இறங்கிவிட்டால் என்ன செய்யலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் கடலூரிலும் புதுச்சேரியிலும் பல குடும்பங்கள் புதிய கைப்பேசி வாங்குகின்றன. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ 24,999 ரூபாய் கொடுத்து வாங்கிய கைப்பேசி, செப்டம்பர் மாத விற்பனையில் 21,999 ரூபாய்க்கு விளம்பரமாகும்போது, சீட்டுப் பணத்தை எடுத்தோ தவணை போட்டோ வாங்கியவர்களுக்கு வயிறு எரிவது இயல்பு. அந்த ஆற்றாமை நியாயமானதே. ஆனால், பணத்தில் ஒரு பகுதியையாவது மீட்க இருக்கும் சில வழிகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் எந்த விலை இறங்கியது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை. கைப்பேசிக்கு மூன்று விலைகள் உண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பது எம்ஆர்பி என்னும் அதிகபட்ச சில்லறை விலை; அது பெரும்பாலும் எவரும் கொடுக்காத விலை. கடைக்காரர்கள் 'எம்ஓபி' என்று சொல்வது, நிறுவனம் சந்தைக்கு நிர்ணயித்த நடப்பு விற்பனை விலை. மூன்றாவது, குறிப்பிட்ட வங்கி அட்டைத் தள்ளுபடி, பழைய கைப்பேசிக்கான கூடுதல் எக்ஸ்சேஞ்ச் தொகை ஆகியவற்றைக் கழித்தபின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் தொகை. உங்களிடம் அந்த வங்கியின் அட்டை இல்லை என்றால், அந்த மூன்றாவது விலை உங்களுக்கானதே அல்ல. விளம்பரத்தைப் பார்த்தவுடன் மனம் உடைந்துபோகாமல், அதே ரேம், அதே சேமிப்புக் கொள்ளளவு உள்ள கைப்பேசியை அட்டைத் தள்ளுபடி இல்லாமல் இணைய விற்பனைத் தளத்தின் கூடையில் சேர்த்து, இறுதித் தொகை எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். மூவாயிரம் ரூபாய் இறங்கியதாகத் தோன்றியது, பல நேரங்களில் ஆயிரம் ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இறக்கம் உண்மையானது, கைப்பேசியோ இன்னும் கைக்கு வந்து சேரவில்லை என்றால் வேலை எளிது: ஆணையை (ஆர்டரை) ரத்து செய்துவிட்டுப் புதிய விலையில் மீண்டும் வாங்கலாம். அதற்கு முன், புதிய விலையில் இருப்பு உள்ளதா என்பதையும், பழைய ஆணையில் பயன்படுத்திய அட்டைச் சலுகை இரண்டாம் முறை கிடைக்குமா என்பதையும் சரிபாருங்கள். தவணையில் வாங்கியிருந்தால் செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்துவிட்டால் நிலைமை வேறு. இணைய விற்பனைத் தளங்கள் கைப்பேசிகளுக்குப் பெரும்பாலும் பழுது இருந்தால் மாற்றிக்கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. மனம் மாறியதற்காகவோ விலை இறங்கியதற்காகவோ பணத்தைத் திருப்பித் தருவதில்லை. இல்லாத பழுதை இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்று சிலர் யோசனை கூறுவார்கள். அதைச் செய்ய வேண்டாம். சேவை மையத்தின் பரிசோதனையில் அது நிற்காது; பிறகு உண்மையாகவே பழுது வரும் நாளில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

நேரில் கடையில் வாங்கியவர்களுக்கு ஒரு வாய்ப்பு கூடுதலாக உண்டு. அதைப் பயன்படுத்த, கடைக்காரரின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாடலின் விலையை நிறுவனம் குறைக்கும்போது, பழைய விலைக்கு வாங்கி இருப்பில் வைத்திருக்கும் கடைகளுக்கு அந்த வித்தியாசத்தைப் பொதுவாக ஈடுகட்டுகிறது. ஆனால் அந்த ஈடு, ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்னும் அடையாள எண்ணை வைத்துச் சரிபார்த்து, இன்னும் இயக்கப்படாத கைப்பேசிகளுக்கே கிடைக்கும். நீங்கள் சிம் போட்டு இயக்கத் தொடங்கிய கைப்பேசிக்காக அவர் நிறுவனத்திடம் எதுவும் கேட்க முடியாது. உங்களுக்குப் பணம் தந்தால் அது அவருடைய சொந்த லாபத்திலிருந்து போகும். ஆகவே, பணமாகக் கேட்பதைவிட அவரால் தரக்கூடியதைக் கேட்பதே பயன் தரும். "அண்ணே, போன வாரம் உங்ககிட்டதான் வாங்கினேன், இப்ப விலை இறங்கியிருக்கு, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று பில்லோடு, கூட்டம் இல்லாத முற்பகல் நேரத்தில் போய்க் கேட்டால், டெம்பர்டு கிளாஸ், உறை, சார்ஜர், இயர்போன் போன்றவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. வாங்கிய ஒரு வாரத்துக்குள் போவதற்கும் இரண்டு மாதம் கழித்துப் போவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. குரலை உயர்த்தினால், கிடைக்கவிருந்ததும் கிடைக்காது.

நுகர்வோர் சட்டம் உதவுமா என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்: வாங்கிய பிறகு விலை இறங்கியது என்பது மட்டும் வழக்குக்குக் காரணம் ஆகாது. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. எம்ஆர்பிக்கு மேல் விற்பதும் சட்டப்படி தவறு. இவற்றில் ஏதாவது நடந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும் என்பதால், வெள்ளைத் தாளில் எழுதித் தருவதை ஏற்காமல் ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வழிகள் எதுவும் பலிக்காவிட்டால், வித்தியாசத்தைப் பயன்படுத்தப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய் வித்தியாசம், மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் மாதத்துக்குச் சுமார் 83 ரூபாய். அதற்கு ஈடாக, விலை இறங்கும் வரை காத்திருந்தால் கிடைத்திருக்காத இரண்டு மூன்று மாதப் பயன்பாடு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. கல்லூரியின் தொடக்க வாரங்களில் வகுப்புக் குழுச் செய்திகளும் கட்டண ரசீதுகளும் கைப்பேசியில்தான் வருகின்றன. அந்த நாள்களில் பிள்ளையின் கையில் அது இருந்தது என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. இந்தக் கணக்கைப் போட்டபின், அந்த மாடலின் விலை இறங்கினால் தெரிவிக்கும்படி கைப்பேசியில் வைத்த அறிவிப்புகளை நீக்கிவிடுங்கள். ஆத்திரத்தில் கைப்பேசியை விற்றுவிட்டு வேறு வாங்க நினைப்பதுதான் உண்மையான நட்டம். புதியதன் விலை இறங்கும்போது பழையதன் விலையும் சேர்ந்தே இறங்குகிறது.

அடுத்த முறை வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, விலை இறக்கம் பெரும்பாலும் நாள்காட்டியைப் பார்த்தே வருகிறது என்பதாகும். ஆப்பிள் நிறுவனம் வழக்கமாகச் செப்டம்பரில் புதிய ஐபோனை வெளியிடும்போது முந்தைய மாடலின் விலையைக் குறைக்கிறது. 2023இல் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 15, 2024 செப்டம்பரில் 69,900 ரூபாய் ஆனது. சாம்சங்கின் எஸ் வரிசை ஆண்டின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்படுகிறது. பெரிய இணைய விற்பனைகள் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னதாக வருகின்றன. கணிக்க முடியாத இறக்கங்களும் உண்டு: 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் கைப்பேசிகளுக்கான இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தபோது, சில ஐபோன்களின் விலை அடுத்த சில நாள்களிலேயே இறங்கியது. 2007 ஜூன் இறுதியில் 599 டாலருக்கு விற்பனைக்கு வந்த முதல் ஐபோனை, செப்டம்பர் தொடக்கத்திலேயே 399 டாலருக்குக் குறைத்தார்கள். வாங்கியவர்களின் கோபத்தைக் கண்ட ஆப்பிளின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஜாப்ஸ், முன்பே வாங்கியவர்களுக்கு ஆப்பிள் கடையில் பொருள் வாங்கப் பயன்படும் 100 டாலர் வரவு அறிவித்தார். அத்தகைய ஈடு இன்று எதிர்பார்க்கக்கூடியது அல்ல. ஆகவே, வாங்குவதற்கு முன் கீப்பா, பைஹட்கே போன்ற விலை வரலாற்றுக் கருவிகளில் அந்த மாடல் கடந்த மாதங்களில் எவ்வளவுக்கு விற்றது என்று பார்ப்பது நல்லது.

புதுச்சேரியில் வாங்கினால் வரி குறைவு என்ற எண்ணத்தையும் கடலூர்க்காரர்கள் கைவிட வேண்டும். மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில் அதற்கு அடிப்படை இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நாடு முழுவதும் ஒன்றுதான். கைப்பேசிக்கு அது 2020 ஏப்ரல் முதல் 18 விழுக்காடு. பில்லின் ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக் கடையில் 33 என்றும் புதுச்சேரிக் கடையில் 34 என்றும் தொடங்கும் என்பதைத் தவிர, வரியில் வேறுபாடு இல்லை. இரண்டு ஊர்க் கடைகளிலும் விலை கேட்டு ஒப்பிடுவது நல்லதுதான், ஆனால் கிடைக்கும் வித்தியாசம் கடைக்காரர் தன் லாபத்தில் விட்டுக்கொடுப்பது மட்டுமே.

ஜூன் மாதத்திலேயே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், அந்த ஆண்டு வெளிவந்த மாடலுக்குப் பதிலாக, ஏற்கெனவே ஒரு தீபாவளி விற்பனையைக் கடந்த முந்தைய ஆண்டு மாடலைப் பாருங்கள். அதன் பெரிய இறக்கம் பெரும்பாலும் முடிந்திருக்கும். பெட்டியில் அச்சிட்டுள்ள தயாரிப்பு மாதத்தையும், இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று நிறுவனம் உறுதியளித்திருக்கிறது என்பதையும் பணம் கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்கு வாங்கும் கைப்பேசிக்குப் புதுப்பிப்பு ஓராண்டில் நின்றுவிடும் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள்.