மூளைவாதமுள்ள பிள்ளைக்குப் பயிற்சியையும் போஷாக்கையும் சேர்த்துத் திட்டமிடுதல்

மூளைவாதமுள்ள (cerebral palsy, மூளைப் பாதிப்பால் அசைவும் தசைக் கட்டுப்பாடும் குன்றிய) பிள்ளையின் பயிற்சியை இயன்மருத்துவரிடமும் உணவைப் போஷாக்கு வைத்தியரிடமும் தனித்தனியே கேட்டு வருகிறோம். ஆனால் இரண்டும் சந்திக்கும் இடம் வீட்டில் பிள்ளை அமரும் கதிரைதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள்.

இடுப்பு கதிரையின் பின்புறத்தோடு ஒட்டியிருக்க, பாதங்கள் தரையிலோ பலகையிலோ பதிந்திருக்க, தலை நேராகவோ சற்று முன்னோக்கியோ இருக்கவேண்டும். படுக்கவைத்தோ, மடியில் அண்ணாந்தபடி வைத்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் அபாயம் கூடும். அம்மம்மாமார் அன்பினால் செய்யும் இந்தப் பழக்கத்தை மனம் நோகாமல் திருத்துவதுதான், என் எண்ணத்தில், வீட்டிலுள்ள மிகக் கடினமான பயிற்சி. சாப்பிட்ட பின்னும் 30 நிமிடமாவது பிள்ளை நிமிர்ந்திருக்கட்டும்.

தசைகளை நீட்டும் பயிற்சியை உணவுக்கு முன்போ, உண்டு ஒரு மணித்தியாலம் கழிந்த பின்போ செய்யுங்கள். நிறைந்த வயிற்றோடு செய்தால் எதுக்களிப்பும் வாந்தியும் வரும், கடும் பசியோடு செய்தால் பிள்ளை சோர்ந்து ஒத்துழைக்காது. பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் கிளினிக்குக்கு வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ விடியற்காலையில் புறப்படுவோர், காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் பிள்ளைக்குப் பழக்கமான கஞ்சியைப் பிளாஸ்க்கில் எடுத்துச் செல்வது நல்லது.

உணவின் அளவு பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். நடக்காத பிள்ளைக்குப் பொதுவாகக் குறைந்த சக்தியே போதும். கட்டுப்பாடற்ற அசைவுகளுள்ள பிள்ளைக்கு அதிகம் தேவை. சில கரண்டிகளுக்கு மேல் இறங்காத பிள்ளைக்கு, அளவைக் கூட்டாமல் உணவின் சக்திச் செறிவைக் கூட்டுங்கள்: மசித்த சோறும் பருப்பும், அதில் முட்டையோ முள் நீக்கிய மீனோ, மேலே சுமார் 40 கலோரி தரும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். அதேவேளை, எடை மிஞ்சினால் பிள்ளைக்கு நிற்பதும் உங்களுக்குத் தூக்குவதும் கடினமாகும் என்பதால், மாதந்தோறும் எடை பாருங்கள்.

பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் நிற்கும் சட்டகத்தில் நிறுத்துவது எலும்புக்குப் பாரம் கொடுக்கிறது. அந்த எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டியும் வேண்டும். பாலோ, நன்றாக அரைத்த நெத்தலித் தூளோ கல்சியத்துக்கு உதவும். சில வலிப்பு மருந்துகள் விற்றமின் டியைக் குறைப்பதால், அது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் பப்பாசியும் உதவும்.

ஒரு வேளை உணவு 30 நிமிடத்துக்கு மேல் இழுத்தாலோ, ஊட்டும்போது இருமலோ, தொண்டையில் நீர் தேங்கியது போன்ற ஈரமான குரலோ கேட்டாலோ, அடிக்கடி நெஞ்சுச்சளி பிடித்தாலோ, விழுங்குவதிலுள்ள சிக்கல்களையும் கவனிக்கும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைத் தாமதமின்றிச் சந்தியுங்கள். பிள்ளை கிளினிக்கில் வாய் திறக்க மறுக்கக்கூடும் என்பதால், வீட்டில் ஊட்டும் காட்சியைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோய்க் காட்டுங்கள்.