மரச்சிப்பரையும் கனரக இயந்திரங்களையும் இயக்கும் முறை: மரம் வெட்டும் குழுக்களுக்கான வழிகாட்டி

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலும், 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலும், விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவது எத்தனை பெரிய வேலை என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டின. அரிவாளும் கோடரியும் போதாத அத்தகைய வேலைக்கு இன்று செயின்சா, கிரேன், ஜேசிபி, கிளைகளைச் சில்லுகளாக நொறுக்கும் சிப்பர் ஆகியவை வந்துவிட்டன. இவற்றுள் செயின்சாவைப் பார்த்து அஞ்சுகிறவர்கள்கூடச் சிப்பரைப் பார்த்து அஞ்சுவதில்லை. அதன் கத்தி கண்ணுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் இருப்பதே காரணம். அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை மட்டும் சிப்பர் விபத்துகளில் 31 பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டவர்கள். மற்றவர்களில் பலர், பெயர்ந்து வந்த மூடியோ இயந்திரப் பாகமோ தாக்கி இறந்தவர்கள்.

சிப்பர் வேலை செய்யும் விதத்தை அதைத் தொடுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கிளையைச் செலுத்தும் அகன்ற வாயின் உட்புறத்தில் பல் வைத்த ரோலர்கள் இருக்கின்றன. அவை கிளையைப் பிடித்து இழுத்து, அதற்குப் பின்னால் பெருவேகத்தில் சுழலும் டிரம்மிலோ தட்டிலோ பொருத்தப்பட்ட கத்திகளிடம் ஒப்படைக்கின்றன. நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இழுக்கும் ரோலர் ஒரு நொடியில் அரை மீட்டரை உள்ளே கொண்டு செல்கிறது. வாயின் விளிம்பிலிருந்து ரோலர் ஒன்றரை மீட்டர் உள்ளே இருந்தால், விளிம்பில் இருக்கும் கை அங்கே போய்ச் சேர மூன்று நொடிதான் ஆகும். கிளையின் கவட்டில் சட்டைக்கை மாட்டிக்கொண்ட ஒருவர், நடப்பதைப் புரிந்துகொண்டு உடலைப் பின்னிழுத்துச் சட்டையைக் கிழிப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். ரோலருக்கு மரம் வேறு, மனிதர் வேறு என்று தெரியாது. மரத்தோடு இணைந்திருக்கும் எதையும் அது சேர்த்தே இழுக்கும்.

ஆகவே உடையிலிருந்து தொடங்க வேண்டும். லுங்கி, தோளில் கிடக்கும் துண்டு, துப்பட்டா, சேலை முந்தானை, தொங்கும் கழுத்துச் சங்கிலி, வளையல், மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகிய எதுவும் சிப்பரின் அருகில் கூடாது. உடலோடு ஒட்டிய முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ, கண்ணாடி, ஹெல்மெட் ஆகியவை வேண்டும். மணிக்கட்டில் அகன்று விரியும் கையுறை கிளையில் எளிதாக மாட்டும். இறுக்கமாகப் பொருந்துவதையே அணிய வேண்டும். சிப்பரின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது, நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலைக் கேட்டாலே செவி பழுதடையும் என்பதால் காதுக்கவசமும் கட்டாயம். காதுக்கவசம் அணிந்தவருக்குக் கூச்சல் கேட்காது; நிறுத்து, பின்னால் போ என்பவற்றுக்கான கைச்சைகைகளைக் காலையிலேயே குழு முழுவதும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை இணைத்த இயந்திரத்துக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் ஓடும் சிப்பராக இருந்தால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. அதில் பட்ட துண்டின் நுனி ஒரு நொடிக்குள் ஒன்பது முறை சுற்றிக்கொள்ளும். தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால், புது உறை போடாமல் அந்த டிராக்டரைத் தளத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஓடும் தண்டைத் தாண்டிச் செல்வதை எவருக்கும் அனுமதிக்காதீர்கள்.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சில்லு வெளியேறும் குழாயை ஆட்கள், வீட்டு ஜன்னல்கள், சாலை ஆகியவற்றுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். பிறகு கிளை எதையும் கொடுக்காமல் ரோலரை ஓடவிட்டு, வாயின் மேலோ பக்கத்திலோ உள்ள கட்டுப்பாட்டுக் கம்பியைத் தள்ளிப் பாருங்கள். ரோலர் அக்கணமே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றாலும், சற்றுத் தயங்கி நின்றாலும் அன்றைய வேலை அந்த இயந்திரத்தில் கிடையாது. ‘அடிக்கடி தானாக நிற்கிறது’ என்று சொல்லி அக்கம்பியைக் கயிற்றால் கட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உயிர் காக்கும் ஒரே உறுப்பைச் செயலிழக்கச் செய்யும் அந்தச் செயலை எந்த அவசரத்துக்காகவும் ஏற்க முடியாது. அக்கம்பி ரோலரை மட்டுமே நிறுத்தும், கத்தி டிரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

கிளையின் தடித்த அடிப்பகுதியை முதலில் கொடுக்க வேண்டும். வாய்க்கு நேரே நிற்காமல், சாலைப் போக்குவரத்து இல்லாத பக்கவாட்டில் நின்று கொடுத்து, ரோலர் பிடித்தவுடன் கையை விட்டு விலகிவிட வேண்டும். வளைந்த கிளையும் கவடுள்ள கிளையும் உள்ளே போகும்போது திடீரெனத் திரும்பிச் சாட்டை போல் அடிக்கும். கவட்டை முன்கூட்டியே அறுத்துவிட்டால் இத்தொல்லை பெருமளவு குறையும். சிறு துண்டுகளைக் கையால் உள்ளே தள்ளாமல், அடுத்து வரும் நீளமான கிளையின் மேல் வைத்து அனுப்புங்கள், இல்லையேல் நீண்ட மரக்கழியால் தள்ளுங்கள். இரும்புக் கம்பியும் மண்வெட்டியும் அதற்கு ஆகா. காலால் உதைத்துத் தள்ளுவது, வாயின் மேல் ஏறி நிற்பது ஆகியவற்றைச் செய்தவரை அன்றே அந்த வேலையிலிருந்து மாற்றிவிடுவதுதான் மேஸ்திரியின் கடமை.

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தற்காலச் சிப்பர்கள் பலவற்றில், தடித்த கட்டை வந்து எஞ்சின் வேகம் குறைந்தால் ரோலர் தானாக நிற்கும், வேகம் மீண்டதும் தானாகவே ஓடத் தொடங்கும். கிளை நின்றுவிட்டதைக் கண்டு, சிக்கியிருக்கிறது என்று எண்ணி ஒருவர் வாய்க்குள் கையை நீட்டி ஆட்டும் அதே வேளையில் ரோலர் மறுபடி இழுக்கத் தொடங்கிவிடும். எனவே கிளை நின்றால் முதலில் செய்ய வேண்டியது பின்வாங்குவது. அதன் பிறகும் அது நகராவிட்டால் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பின்னோக்கிய நிலைக்குத் தள்ளிக் கிளையை வெளியே எடுப்பது.

கயிறும் கொடியும் தனியே பேசப்பட வேண்டியவை. மேலே ஒருவர் மரத்தில் இருக்கும்போது அவரது கயிற்றின் நுனி கீழே கிளைக்குவியலில் கிடந்து, கிளையோடு சேர்ந்து சிப்பருக்குள் போனால், மேலிருப்பவரின் உடலையே அது இழுத்துவிடும். கயிற்றின் மிகுதியை எப்போதும் பைக்குள் சுருட்டி வைக்க வேண்டும். மரத்தடிக்கும் சிப்பருக்கும் இடையே போதிய தொலைவு இருக்க வேண்டும். சீந்தில், கோவை போன்ற நீண்ட கொடிகள் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடும் என்பதால் அவற்றைக் கையளவு துண்டுகளாக வெட்டிய பின்பே கொடுக்கலாம். தென்னை மட்டையின் நார் டிரம்மின் இருசிலும் ரோலரிலும் சுற்றிக்கொள்ளும் இயல்புடையது; தென்னந்தோப்பில் வேலை செய்யும் நாள்களில் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்யும் இடைவேளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அறைந்த ஆணி, கேபிள் கம்பி, வளர்ந்த பட்டைக்குள் புதைந்துபோன இரும்புக் கூண்டு ஆகியவை ஏராளம். ஓர் ஆணி போதும், கத்தியின் முனை உடைந்து குழாய் வழியே தெறிக்க. அடிமரப் பகுதியைச் சிப்பரில் கொடுக்காமல் விறகுக்கு ஒதுக்கிவிடுவது எப்போதும் நல்லது. துடைப்பத்தால் கூட்டிய குப்பையில் கல்லும் மண்ணும் கலந்திருக்கும், அதையும் கொடுக்க வேண்டாம்.

அடைப்பை நீக்கவோ கத்தியைத் தொடவோ வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, வேலை செய்பவரே அதைத் தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் கனமான டிரம் தன் வேகத்தாலேயே நெடுநேரம் சுழலும். சத்தம் அடங்கியதை நம்பாமல், வெளியே தெரியும் பெல்ட் சக்கரம் முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்பே மூடியைத் திறக்கலாம். சுழலும் டிரம்மின் மேல் மூடி திறந்தால் அது பெயர்ந்து பறந்துவிடும். திறந்ததும் டிரம்மைப் பூட்டும் ஊசியைச் செருகுங்கள். ஒருவர் டிரம்மைத் திருப்ப இன்னொருவர் போல்ட்டைக் கழற்றும் முறையில் விரல்கள் போயிருக்கின்றன, ஆகையால் அதை ஒருவரே செய்ய வேண்டும்.

கத்தியின் கூர்மையைச் செலவுக் கணக்கில் மட்டும் சேர்த்துவிடக் கூடாது. கூரான கத்தி விளிம்பு சீரான சில்லுகளைத் தரும். மழுங்கிய கத்தி தூளும் நாருமாகத் துப்பும், கிளை உள்ளே போகாமல் குதிக்கும், அப்போதுதான் மனிதர் கையால் தள்ளத் தொடங்குகிறார். ஒரு கத்தியைத் தீட்டினால் எல்லாவற்றையும் ஒரே அளவு தீட்ட வேண்டும். எடை வேறுபட்டால் டிரம் அதிரும். சுழலும் கத்திக்கு எதிரே அசையாமல் பொருத்தப்பட்ட எதிர்க்கத்தியோடு உள்ள இடைவெளியையும் போல்ட்டை முடுக்கும் விசையையும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடியே வையுங்கள்.

கிரேனைப் பொறுத்தவரை எடையைக் கணக்கிடாமல் தூக்கத் தொடங்குவதே முதன்மையான தவறு. பச்சை மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். 60 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள துண்டு சுமார் 850 கிலோ. கிரேனின் மேல் எழுதியிருக்கும் டன் அளவு, அதன் நீளும் கை (பூம்) குறுகி நெருங்கியிருக்கும்போது தூக்கக்கூடியது. கை நீள நீள அது பல மடங்கு குறையும், எனவே ஓட்டுநரின் அட்டவணையில் அந்தத் தொலைவுக்குரிய எண்ணைப் பார்க்க வேண்டும். தாங்குகால்களைக் கழிவுநீர்க் கால்வாய் மூடியின் மேலோ புதிதாகத் தோண்டி மூடிய மண்ணின் மேலோ ஊன்றாமல், கெட்டித் தரையில் அகன்ற பலகை போட்டு ஊன்றுங்கள். தாங்குகாலே இல்லாத, சுமையோடு நகரும் ஹைட்ரா எனும் கிரேன் வண்டி, விழுந்த துண்டைத் தூக்கி நகர்த்த உதவும். வீட்டுக்கூரை மேல் சாய்ந்த மரத்தை எடுக்க அது தகுந்த இயந்திரம் அன்று. அருகில் மின்கம்பி இருந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்து உறுதி சொல்லும்வரை கிரேன் கை உயரக் கூடாது.

சில்லுகளைத் தென்னந்தோப்பில் மூடாக்காக இடலாம்; தண்டைத் தொடாமல் வட்டமாகப் பரப்பி, மண்ணோடு கலக்காமல் மேலாகவே விட வேண்டும், கலந்தால் மண்ணின் தழைச்சத்தை அவை சிறிது காலம் இழுத்துக்கொள்ளும். குவித்து மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும், ஆகவே குவியலைக் கிளறிப் புழுக்களை அழிக்கவோ, அப்புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை இடவோ வேண்டும். அரளிக் கிளைகளின் சில்லு மாட்டுக்கு நஞ்சு. திருகுகள்ளியின் பால் தெறித்தால் கண்ணைக் கெடுக்கும். இவ்விரண்டையும் சிப்பரில் போடாமல், தனியே பிரித்துப் புதைத்துவிடுங்கள்.