முல்லைத்தீவை வைத்து லக்சம்பர்க்கை அளப்பது எப்படி

‘ஒரு சிறிய நாட்டின் விபரம்’ என்று ஒப்படை கொடுத்தால், பிள்ளைகள் தலைநகரம், நாணயம், கொடி என்று பத்து வரியைப் பார்த்தெழுதிக் கொண்டுவந்துவிடுவார்கள். முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் பின்னேர வகுப்பு எடுக்கிற நான் அதை வேறுவிதமாகச் செய்விக்கிறேன். வீட்டிலிருந்து உதவுகிற அம்மா அப்பாமாருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய நாடாகத் தெரிவு செய்யுங்கள். ஐரோப்பாவிலுள்ள லக்சம்பர்க்கின் பரப்பு 2,586 சதுர கிலோமீற்றர், முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

அடுத்தது வரைபடம். ஒரு சென்ரிமீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் என்று வையுங்கள். லக்சம்பர்க் வடக்குத் தெற்காக 82 கிலோமீற்றர், அதாவது 16.4 சென்ரிமீற்றர். அகலம் கூடின இடத்தில் 57 கிலோமீற்றர், 11.4 சென்ரிமீற்றர். அதே அளவில் முல்லைத்தீவை ஒயில் பேப்பரில் வரைந்து மேலே வைத்துப் பாருங்கள். போன வருசம் ஒரு பிள்ளை லக்சம்பர்க்கின் கிழக்குப் பக்கம் முழுக்க நீலம் தீட்டி, சின்னச் சின்ன அலையும் போட்டிருந்தாள். கிழக்கென்றால் கடல்தானே எங்கள் பிள்ளைகளுக்கு! அந்த நாட்டுக்குக் கடலே இல்லை. பெல்ஜியம், பிரான்ஸ், ஜேர்மனி மூன்றும் சுற்றி நிற்கின்றன. தென்கிழக்கில் மொசெல் ஆறு, அக்கரையில் ஜேர்மனி. இக்கரையில் செங்கன் என்ற சின்ன ஊர். ‘செங்கன் விசா’ என்ற பேச்சு கேட்காத வீடு வன்னியில் குறைவு. 1985 ஜூன் 14 அன்று அந்த ஊரில், ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் வைத்துத்தான், நாடுகளுக்கிடையில் எல்லைச் சோதனையைக் குறைக்கிற செங்கன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சனத்தொகையை எழுதும்போது பக்கத்தில் ஆண்டைக் கட்டாயம் எழுதவேண்டும். லக்சம்பர்க்கில் 2024 தொடக்கத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்து 72 ஆயிரம். முல்லைத்தீவில் 2012 கணக்கெடுப்பின்படி ஒரு இலட்சத்துக்கும் குறைவு. 2009இல் போர் நடந்த இடத்துக்குள் எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அந்த நாட்களை நான் மறக்கவில்லை. அதனால்தான் யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வைக்கிறேன்.

லக்சம்பர்க்கில் அந்தக் கேள்விக்கு நல்ல வேலை இருக்கிறது. குடியிருப்பவர்களில் பாதிக்குக் கிட்ட வெளிநாட்டுப் பிரசைகள், அவர்களில் போர்த்துக்கேயர் அதிகம். அதற்கு மேலே, இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அயல்நாடுகளில் குடியிருந்துகொண்டு எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். அவர்களின் உழைப்பு நாட்டின் உற்பத்தியில் சேரும், தலைகள் சனத்தொகையில் சேராது. தலைக்குரிய உற்பத்தியில், அதாவது மொத்த உற்பத்தியைச் சனத்தொகையால் பிரித்து வரும் தொகையில், லக்சம்பர்க் உலகின் முன்வரிசையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெறும் இலக்கத்தை எழுதி வரும் பிள்ளையிடம், ‘எதை எதால பிரிச்சவை?’ என்று கேளுங்கள்.

ஆட்சி பற்றி இரண்டு வரி போதும். மன்னர் ‘கிராண்ட் டியூக்’, அரசாங்கத்தை நடத்துவது பிரதமர். 2025 ஒக்ரோபரில் ஆன்றி முடிதுறந்து மகன் கியோம் வந்துவிட்டார், பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதவேண்டாம். நாணயம் யூரோ.

மொழிக்கு மட்டும் அரைப் பக்கம் விடுங்கள். லக்சம்பர்க்கிய மொழி, பிரெஞ்சு, ஜேர்மன் மூன்றும் நிர்வாகத்தில் உண்டு. சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில். வீட்டில் பேசி வந்த சின்ன மொழியை 1984இல் சட்டம் போட்டுத் தேசிய மொழியாக்கினார்கள். இந்த ஆண்டைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிடச் சொல்வேன்.

கொடியைக் கடைசியில் தீட்டுங்கள். மேலிருந்து சிவப்பு, வெள்ளை, நீலம். நீலப் பென்சிலை அழுத்தினால் அது நெதர்லாந்துக் கொடியாகிவிடும். இளநீலம் இல்லாவிட்டால் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் தேய்த்து, பஞ்சால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.