ஆதிச்சநல்லூர் பரம்புக்குப் போகிறீர்களா? பானை ஓட்டைக் கையில் எடுக்காதீர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கருக்கு விரிந்து கிடக்கிறது ஆதிச்சநல்லூர் பரம்பு. பார்வைக்குச் சரளை மேடுதான். அங்கங்கே முட்செடி. ஆனால் காலுக்கடியில் இருப்பது இரும்புக் கால மக்களின் இடுகாடு. 2004–05-ல் சிறிய பகுதியை மட்டும் தோண்டியபோதே 160-க்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், வெளிப்பட்டன.

போகிறவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு, ஞாபகத்துக்கு ஒரு பானை ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது. மழை பெய்த மறுநாள் போனால் ஓடுகள் பளிச்சென்று தெரியும், கை தானாக நீளும். ஒன்றைக் குனிந்து பாருங்கள்: உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கலயத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்திருக்கிறது. பார்த்தது போதும், கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். எந்தத் தாழிக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அந்த ஓட்டின் மதிப்பே. வீட்டு ஷோகேஸில் அது வெறும் ஓடு. 1876-ல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்கே போய்விட்டன. அந்த இழப்பே நமக்குப் போதும்.

சில இடங்களில் தாழியின் வாய் விளிம்பு மட்டும் தரைமட்டத்தில் வட்டமாகத் தெரியும். அதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதீர்கள், குச்சியால் கிளறாதீர்கள். ஒரு மிதி போதும், விளிம்பு நொறுங்கிவிடும். பைக்கை மேட்டின் மேல் ஏற்றுவதும் அப்படித்தான்.

அப்புறம், தங்கம். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் இங்கே தோண்டியபோது பொன் நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன, உண்மைதான். சில கலயங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். எனக்குப் பொன்னைவிட அந்த உமி பெரிது. அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அதுதானே சொல்கிறது! புதையல் தேடுகிறவன் முதலில் கொட்டிவிடுவது அந்த உமி கிடக்கும் மண்ணைத்தான். பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள், "வயசானவங்களை உயிரோடு தாழிக்குள்ளே வைப்பாங்க" என்ற கதையைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதற்குச் சான்றே இல்லை. முதுமக்கள் தாழி என்பதில் 'முதுமக்கள்' என்ற சொல் முன்னோரைக் குறிக்கிறது. இறந்தவரின் உடலையோ, பிறகு சேகரித்த எலும்புகளையோ தாழியில் வைத்தார்கள். உணவும் கருவியும் வைத்து, அக்கறையோடு அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சொந்த வயலிலேயே உழும்போது தாழி தட்டுப்பட்டால்? டிராக்டரை நிறுத்துங்கள். உள்ளே கைவிடாமல், தெரிகிற பகுதியை அதே மண்ணால் மூடிவிட்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.

சரி, தாழியைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசையா? 2023 ஆகஸ்டில் பரம்பிலேயே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்திருக்கிறார்கள். அதன் மேல் நின்று குனிந்தால், தாழிகள் புதைத்த குழியிலேயே இருப்பதைப் பார்க்கலாம்.