மாலையில் வீங்கும் கால்கள்: வீட்டில் செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை

ஜவுளிக் கடையில் பகல் முழுவதும் நிற்கும் விற்பனையாளருக்கும், வகுப்பில் நின்றே பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், மாலை நெருங்கும்போது கணுக்கால் எலும்பின் புடைப்பு மறைந்து, காலையில் சரியாக இருந்த செருப்பின் வார் இறுகத் தொடங்குவது வழக்கம். காலிலிருந்து இரத்தம் மேலேற வேண்டுமானால், நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து தர வேண்டும். அசையாமல் நிற்கும்போதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போதும் அந்த வேலை நடைபெறாததால், இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து தோலுக்கடியில் தேங்குகிறது. இந்த வீக்கத்தைப் பெருமளவு வீட்டிலேயே குறைக்கலாம். ஆனால் எல்லா வீக்கமும் இப்படிப்பட்டதன்று என்பதால், வைத்தியத்தில் இறங்குவதற்கு முன் காலைச் சோதித்துப் பார்ப்பதே முதல் வேலை.

படி 1: எந்த வகை வீக்கம் என்று பாருங்கள்

இரண்டு கால்களையும் முழங்கால் வரை திறந்து, நல்ல வெளிச்சத்தில் அருகருகே நீட்டி வையுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்க எலும்பின் மீது கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுத்த பிறகு குழி உடனே மறையாமல் நின்றால், உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. அடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்புப் புடைப்பிலிருந்து 10 செ.மீ. இறக்கி, தையல் டேப்பால் இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, வீக்கமும் இரவு படுத்தெழுந்ததும் வடிந்துவிட்டால், அது நின்றதால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலியும் சூடும் சேர்ந்து, மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால், ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். வீங்கிய காலைக் கண்டால் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே ஆபத்தானது. உறைகட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துவிடக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று, சிரையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இரு கால் வீக்கத்துடன் நடந்தால் மூச்சு வாங்குவதும், மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்க நேர்வதும் இதயக் கோளாற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். காலையில் கண்ணிமை ஊதி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். 20 வாரம் கடந்த கர்ப்பிணிக்கு முகமும் கைகளும் திடீரென்று வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டால், "கர்ப்பத்தில் கால் வீங்கத்தான் செய்யும்" என்ற சமாதானத்தை ஒதுக்கிவிட்டு உடனே இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

படி 2: மாத்திரைகளைச் சரிபாருங்கள்

இரத்த அழுத்தத்துக்குப் பலரும் உண்ணும் அம்லோடிபின், மூட்டு வலிக்கு உண்ணும் டைக்ளோஃபெனாக், ஸ்டீராய்டு வகைகள், நீரிழிவுக்கான பயோகிளிட்டசோன் ஆகியவை கணுக்காலை வீங்கச் செய்யக்கூடியவை. நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அதேபோல, கடையில் நீர் மாத்திரை வாங்கி உண்பதும் வேண்டாம். அது உடலின் சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் குலைக்கலாம் என்பதோடு, அம்லோடிபினால் வந்த வீக்கத்துக்குப் பெரிதாக உதவுவதும் இல்லை. பார்லிக் கஞ்சி குடிப்பதில் பொதுவாகத் தவறில்லை, ஆனால் அதை மருந்தென்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

படி 3: காலை உயர்த்துங்கள்

நாற்காலியில் அமர்ந்து முக்காலியில் காலை நீட்டுவது போதாது; பாதம் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு, குதிகாலுக்கு மட்டுமல்லாமல் கெண்டைக்கால் முழுவதற்கும் தாங்கலாக இரண்டு தலையணைகளை வைத்து, 15 முதல் 20 நிமிடம் இருங்கள். ஒரு நாளில் மூன்று முறை செய்ய முடிந்தால் நல்லது. வேலைக்குச் செல்பவர்கள் வீடு திரும்பியதும் ஒரு முறையாவது செய்யலாம்.

படி 4: கெண்டைச் சதைக்கு வேலை கொடுங்கள்

என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மணிக்கு ஒரு முறை, பாதத்தை முன்னும் பின்னும் 20 தடவை மடக்கி நீட்டுங்கள். நின்றுகொண்டே வேலை செய்பவர் கல்லாவையோ மேசையையோ பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். இடையிடையே உட்காரவும் வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டுவிட்டதால், நாற்காலி கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

படி 5: அழுத்தக் காலுறை

மருந்துக் கடையில் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். நின்றதால் வரும் வீக்கத்துக்கு 15–20 மி.மீ. பாதரச அழுத்தம் உள்ளது பெரும்பாலும் போதும். வீக்கம் இல்லாத காலை வேளையில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்கி, காலையில் படுக்கையை விட்டு எழுந்ததுமே அணிந்து, இரவில் கழற்றிவிடுங்கள். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல் இறுக்கும். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர்களும், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் தீர்கிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை அணியக் கூடாது. பின்னவருக்குத் தமனி அடைப்பு இருக்கலாம்.

படி 6: உப்பும் தோலும்

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றைக் குறைத்தாலே பெரும் பகுதி குறைந்துவிடும். குளித்த பின் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். அங்கே விழும் சிறு வெடிப்பின் வழியே கிருமி புகுந்தால், கால் சிவந்து காய்ச்சலில் கொண்டுபோய்விடும். இறுகிய மெட்டியையும் கொலுசையும் வீக்கம் வடியும் வரை கழற்றி வையுங்கள்.

இரண்டு வாரம், காலையும் மாலையும் எடுத்த சுற்றளவை ஒரு தாளில் குறித்து வாருங்கள். காலை அளவு குறையாமலோ கூடிக்கொண்டோ போனால், அந்தத் தாளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.