அண்டார்டிக் கடல்சிலந்தி: காலை எண்ணும் முன் முகத்தைப் பாருங்கள்

தென்கடலிலிருந்து வந்த கடல்சிலந்தியை, அதாவது சிலந்திபோல நீண்ட கால்களுள்ள கடல் உயிரியை, தட்டில் போட்டதுமே எல்லாரும் கால்களை எண்ண ஆரம்பிக்கிறார்கள். சேகரிப்பு ஜாடிகளைப் பிரித்துப் பெயரெழுதுவது என் வேலை. புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது: கால் இருக்கட்டும், மல்லாக்கப் போட்டு முன்பக்கத்தை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்.

அங்கே துதிக்கையை, அதாவது உறிஞ்சும் வாய்க்குழாயைச் சுற்றி மூன்று ஜோடி உறுப்புகளைத் தேட வேண்டும். மேலே, நுனியில் இடுக்கியோடு இருப்பது கெலிஃபோர். பக்கவாட்டில் பால்ப், அதாவது உணர்கொம்பு. அடியில், முதல் ஜோடிக் காலுக்கு முன்னால் மடங்கிக் கிடக்கும் ஒல்லியான கால் ஓவிஜர். எது இருக்கிறது, எது இல்லை, எத்தனை கணு என்று குறித்தாலே பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இடுக்கி திடமாக இருந்து, பால்ப் ஐந்து கணுவாக இருந்தால் நிம்ஃபோன். உங்கள் தட்டில் அதிகம் வரப்போவது இதுதான். நிம்ஃபோன் ஆஸ்திராலே அண்டார்டிக்காவைச் சுற்றி எங்கும் கிடைக்கிறது. இடுக்கி உண்டு, பால்ப் அறவே இல்லை என்றால் ஆஸ்ட்ரோபாலீன். பால்ப் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன மொட்டு மட்டும் இருந்தால் பாலெனாப்சிஸ். பால்ப் நீளமாக இருந்து, கெலிஃபோர் நுனி விரலில்லாத குமிழாகச் சுருங்கியிருந்தால் வளர்ந்த அம்மோத்தியா. கெலிஃபோரே இல்லாமல், உடலளவுக்கோ அதைவிடவோ நீண்ட துதிக்கை இருந்தால் கொலோசென்டெய்ஸ். கெலிஃபோரும் பால்பும் இல்லாத கட்டையான உடல் பிக்னோகோனம். அதில் பெண்ணுக்கு ஓவிஜரும் கிடையாது.

இனி காலை எண்ணுங்கள். எட்டு இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்குத் தென்கடல் பத்தும் பன்னிரண்டும் காட்டும். அமெரிக்க இயற்கையியலாளர் ஜேம்ஸ் ஐட்ஸ் 1835-இல் அண்டார்டிக்காவை ஒட்டிய தெற்கு ஷெட்லாந்து தீவுகளின் டெகோலோபோடா ஆஸ்திராலிஸை விவரித்தார்; அதற்குப் பத்துக் கால், நல்ல சிவப்பு. பென்டானிம்ஃபோனுக்கும் பத்து, பென்டாபிக்னோனுக்கும் பத்து. ஆனால் மூன்றும் ஒரே கூட்டம் அல்ல. பென்டானிம்ஃபோனின் முகம் அப்படியே நிம்ஃபோன். பென்டாபிக்னோனின் முகம் பிக்னோகோனம். டெகோலோபோடாவோ கொலோசென்டெய்ஸின் குடும்பம். காலை வைத்துப் பிரித்திருந்தால் மூன்று குடும்பத்தை ஒரே ஜாடியில் போட்டிருப்போம். அதற்காகத்தான் முகம் முதலில் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஒரு சிக்கல் உண்டு. கொலோசென்டெய்ஸ் குஞ்சுகளுக்குக் கெலிஃபோர் இருக்கும், வளர்ந்தபின் உதிர்ந்துவிடும். டெகோலோபோடா வளர்ந்த பிறகும் அதை வைத்துக்கொள்ளும். சின்ன உருவத்தில் கெலிஃபோரைக் கண்டு குழம்பினால் அங்கே கால் எண்ணிக்கை கைகொடுக்கும்.

இனம்வரை போக, மூன்றாவது காலை எடுத்துக்கொள்ளுங்கள். உடலிலிருந்து கணுக்களின் வரிசை இது: மூன்று கோக்ஸா, ஒரு ஃபீமர், இரண்டு டிபியா, டார்சஸ், ப்ரோபோடஸ், கடைசியில் நகம். நிம்ஃபோனில் டார்சஸ், ப்ரோபோடஸ் நீள விகிதமும், பெரிய நகத்தின் அடியில் துணை நகம் இருக்கிறதா என்பதும் பெயரையே மாற்றிவிடும். கூடவே கண்மேட்டின் வடிவம், கழுத்தின் நீளம், ஓவிஜரில் பல்போல இருக்கும் முட்களின் ஓரம். கொலோசென்டெய்ஸில் துணை நகம் இல்லை. பெரிய நகம் ஏறக்குறைய ப்ரோபோடஸ் அளவுக்கு நீண்டிருந்தால் கொலோசென்டெய்ஸ் மெகாலோனிக்ஸ் என்ற இனத்தின் பக்கம் போங்கள். அங்கேயும் நிம்மதி கிடையாது. மெகாலோனிக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் பல மரபுக்கிளைகள் இருப்பதை டிஎன்ஏ காட்டிவிட்டது. பாலெனாப்சிஸ் படகோனிக்காவிலும் அதே கதை. அதனால் ஒரு காலையாவது 95 சதவீத எத்தனாலில் தனியாகப் போட்டுவிடுங்கள். ஃபார்மலினில் ஊறிய மாதிரி பின்னால் டிஎன்ஏவுக்குச் சரிவராது. நிறமும் நிற்காது, உயிரோடு இருக்கும்போதே படமெடுங்கள்.

ஓவிஜரில் முட்டை உருண்டை தொங்கினால் அது ஆண். இந்தக் கூட்டத்தில் முட்டை சுமப்பது அப்பா. ஆனால் கொலோசென்டெய்ஸில் அப்படிச் சுமப்பதை யாரும் பார்த்ததில்லை. மெகாலோனிக்ஸ் முட்டைகளைப் பாறையில் ஒட்டிவிடுகிறது என்று 2024-இல் ஹவாய் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. படித்த அன்று எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஆகவே முட்டை இல்லை என்பதற்காகப் பெண் என்று எழுதாதீர்கள். இரண்டாவது கோக்ஸாவில் இனப்பெருக்கத் துளையைப் பாருங்கள், பெண்ணுக்கு அது பெரியது.

இடம், ஆழம், தேதி, அளந்தது எத்தனையாவது கால் என்பதைப் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.